இருபத்துமூன்று நிமிஷம்... திறக்காத வரைபடம்!

செப்டிக் டாங்கின் மூடியைத் தூக்கியவன் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

அப்புறம்தான் உள்ளே பார்த்தான்.

அதற்கும் அப்புறம்தான் கத்தினான்!

பழைய குற்றாலம் போகும் சாலையில், மரங்களுக்குள் பாதி கட்டியும் பாதி கட்டாமலும் நிற்கிற ஒரு ரிசார்ட். சீசன் வந்துவிட்டதே என்று கீழ்த்தளத்தை மட்டும் அவசர அவசரமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். அறைகளில் நாற்றம் தாங்கவில்லை என்று வந்தவர்கள் சத்தம் போட்டதால் டாங்கைப் பார்க்க வந்தவன் அவன்.

வந்த இடத்தில்... கட்டம்போட்ட சட்டை ஒன்று மிதந்தது.

சட்டைக்குள் ஆள் இருந்தான்.

குற்றாலிங்கம். நாற்பத்தெட்டு வயது. தென்காசியில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் சீனியர் டிராப்ட்ஸ்மேன். பின்மண்டை உடைந்திருந்தது. இந்த ரிசார்ட்டுக்குப் படம் வரைந்தவனே அவன்தான். அந்த டாங்க் உட்பட.

வியாழக்கிழமை. காலை மணி பதினொன்று. சாரல் விடாமல் தூறிக்கொண்டிருந்தது.

*

அன்று மத்தியானம் மூன்று மணிக்கு அனுசியாவின் செல்போன் அடித்தது.

அவள் ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரின் வயிற்றைத் திறந்து, ஃபேனில் சிக்கிச் செத்திருந்த பல்லியை இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பது வயது. தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சர்வீஸ் கடை. சுற்றுவட்டாரத்து எஞ்சினியர் ஆபீஸ்களில் கட்டடம் வரைகிற கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் என்றால் அவளுக்குப் பிரியம். அதைப் புழங்குகிற மனிதர்கள் என்றால் அருவருப்பு.

பேசியது இன்ஸ்பெக்டர் முப்பிடாதியம்மாள்.

"ஒரே ஒரு கேள்வி. கட்டட பிளான் ஒண்ண கம்ப்யூட்டர்ல தொறக்க இருபத்துமூணு நிமிஷம் ஆகுமா?"

"பன்னி தொழுவம் மாதிரி வச்சிருந்தா ஆகும் மேடம்."

"அப்பம் நேர்ல வந்து பாத்துச் சொல்லு. ஒரு பிள்ளைய உள்ள தூக்கிப் போடணுமா வேண்டாமாங்கது அதுலதான் கெடக்கு."

அனுசியா பல்லியைக் குப்பையில் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

*

குற்றாலிங்கத்தின் ஆபீஸ் மாடியில் இருந்தது.

படியின் ஒவ்வொரு மூலையிலும் வெற்றிலை எச்சில். யார் யாரோ வருஷக்கணக்காகத் துப்பித் துப்பிக் காவி பூசி வைத்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் அழகு அழகாக வீட்டுப் படம் வரைகிற இடமாம் இது!

உள்ளே ஹாலில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். அது அங்கே படம் வரைகிற ஜெயசித்ராவினுடையது. அந்தப்பக்கம் கதவு சாத்திய கண்ணாடிக் கேபின். அதில்தான் குற்றாலிங்கத்தின் கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் இன்ஸ்பெக்டர். ஐம்பதைத் தாண்டியவர். ஈரத் தலையை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தார். கூட ஒரு ஏட்டு, கையில் சாக்குப் பையோடு.

சுவரோரம் ஜெயசித்ரா நின்றாள். இருபத்தாறு வயது. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

முதலாளி உலகநாதன் மட்டும் பளிச்சென்று இருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட். பையிலிருந்து சின்னப் பாட்டிலை எடுத்து இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கையில் சானிடைசர் தடவிக்கொண்டார். இந்தக் குப்பைமேட்டில் சுத்தமான ஒரே மனுஷன் என்று அனுசியாவுக்கு அவர்மேல் கொஞ்சம் மதிப்புக்கூட வந்தது.

இன்ஸ்பெக்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

குற்றாலிங்கத்துக்கு வீடு கீழப்பாவூர். வேலை மும்முரத்தில் ராத்திரி சைட்டிலேயே தங்கிவிடுவது உண்டு என்பதால் நேற்று வீட்டுக்கு வரவில்லை என்று பெண்டாட்டிகூடத் தேடவில்லை. எப்போது செத்தான் என்று டாக்டரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. கிடந்த இடம் அப்படி. ராத்திரியாகவும் இருக்கலாம், காலையாகவும் இருக்கலாம் என்றுவிட்டார்.

ஆனால் உலகநாதன் அடித்துச் சொன்னார். காலையில் ஒன்பது மணிக்கு அவர் ஆபீஸைத் திறந்தபோது குற்றாலிங்கம் கூடவே வந்தானாம். கேபினுக்குள் உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்தானாம். அவர் ஐந்து நிமிஷத்தில் செங்கோட்டைக்குக் கிளம்பிவிட்டார். அங்கே ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை ஒரு மரக்கடையில் இருந்ததற்குக் கேமரா சாட்சி இருந்தது. போலீஸ் பன்னிரண்டரைக்கு வந்து பார்த்தபோதும் கேபினில் குற்றாலிங்கத்தின் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. திரையில் ரிசார்ட் படம்!

ஆக, ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில்தான் கொலை. அந்த நேரத்தில் ஆபீஸில் இருந்தது ஜெயசித்ரா மட்டும். அவளிடம் ஸ்கூட்டி இருக்கிறது. சைட்டுக்குப் போய்வர முக்கால் மணி நேரம் போதும்.

போன சனிக்கிழமை நடந்ததையும் உலகநாதன்தான் எடுத்துக் கொடுத்திருந்தார். வந்திருந்த பார்ட்டி முன்னால் குற்றாலிங்கம் அவள் வரைந்த தாள்களைத் தரையில் வீசி எறிந்திருக்கிறான். இவள் பொறுக்கமாட்டாமல், இந்த மனுஷன் நாறித்தான் சாவாரு என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லியிருக்கிறாள்.

அவனும் அப்படியே செத்துத் தொலைத்துவிட்டான்.

"நான் ஒம்பது பத்துக்கு வந்தேன்க்கா," என்றாள் ஜெயசித்ரா அனுசியாவிடம். "கேபின் கதவு சாத்திக் கெடந்துச்சு. உள்ள ஆளு இருந்தாவளா இல்லையான்னே எனக்குத் தெரியாது. நான் ரிசார்ட் படத்தத் தொறந்தேன். அது சுத்திக்கிட்டே கெடந்துச்சு. இருபத்துமூணு நிமிஷம். கெடியாரத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். சாருக்கு போன் போட்டும் சொன்னேன். ஒம்பது முப்பத்துமூணுக்குத்தான் தொறந்துச்சு. அதுக்குப் பொறவு பதினொண்ணு வரைக்கும் எந்திரிக்கவே இல்ல."

உலகநாதன் பாட்டிலை மூடிக்கொண்டே குறுக்கிட்டார்.

"போன் வந்தது வாஸ்தவம்தான் மேடம். போன எங்கன இருந்து வேணும்னாலும் பண்ணலாமே. அந்தப் படம் என்னைக்கும் டக்குன்னு தொறக்கும். இது வரைக்கும் ஒரு நாளும் கம்ப்ளெயின்ட் வந்ததில்ல."

ஜெயசித்ராவுக்கு வேறொரு பயம். அவள் தம்பியை ராணுவத்துக்கு எடுத்தாகிவிட்டது. அடுத்த வாரம் போலீஸ் வெரிஃபிகேஷன். அக்கா கொலைக் கேஸில் உள்ளே இருந்தால் அவன் வேலையும் போச்சு. அதை அவள் தேம்பித் தேம்பிச் சொல்லி முடித்தபோது அனுசியா பையைத் திறந்து பிரஷ்ஷை எடுத்தாள். ஆறுதல் சொல்ல அவளுக்கு வராது.

*

முதலில் ஜெயசித்ராவின் கம்ப்யூட்டர்.

கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினாள். முறுக்குத் தூள், கடலைத் தோல், ஒரு வெட்டிய நகம். மவுஸ் பிசுபிசுத்தது. கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தால் ஒரு இஞ்சுக்குத் தூசி, அதன் நடுவில் கரப்பான் முட்டை.

"ச்சீ!"

ஊதிச் சுத்தம் செய்தாள். மெஷின் சூடாகவில்லை. மெமரி தாராளம். வைரஸ் இல்லை. டிஸ்க்கில் இடமும் இருக்கிறது.

அடுத்து படம். அதன் உள்ளே எட்டிப் பார்த்தபோது கரப்பான் முட்டையே தேவலை என்றிருந்தது. இந்த ஊர் ஆபீஸ்களில் யாரும் புதிதாக ஒரு படம் ஆரம்பிக்கமாட்டார்கள். எட்டு வருஷத்துக்கு முன்னால் வடகரையில் யாருக்கோ வரைந்த வீட்டை எடுத்து, பேரை மாற்றி சேவ் பண்ணி, அதன் மேலேயே கல்யாண மண்டபம் வரைவார்கள். மண்டபத்தின் மேல் கோழிப்பண்ணை. கோழிப்பண்ணையின் மேல் இந்த ரிசார்ட். பழைய கழிசடை அத்தனையும் அடியில் அப்படியே கிடக்கும். குளிக்காமல் சட்டைமேல் சட்டையாகப் போட்டுக்கொள்கிற மாதிரி. யாருக்கும் வேண்டாத அடுக்குகள் மட்டும் மூவாயிரத்து எண்ணூறு இருந்தன.

ஆனாலும் அந்தக் குப்பை படத்தைச் சில விநாடிகள்தான் தாமதமாக்கும். இருபத்துமூன்று நிமிஷமெல்லாம் ஆக்காது. அதை அவள் மறைக்காமல் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள்.

"சரி, தொற. மூணு தடவ தொறந்து பாத்ததா எழுதுனாத்தான் கோர்ட்டுல நிக்கும்," என்றார் முப்பிடாதியம்மாள்.

ஏட்டு செல்போனில் ஸ்டாப்வாட்சைப் போட்டார்.

அனுசியா சொடுக்கினாள்.

பன்னிரண்டு விநாடி!

படம் முழுசாக வந்து நின்றது. நாற்பத்தாறு தாள். ஒவ்வொரு தாளின் மூலையிலும் சீலும் கையெழுத்தும் பளபளத்தன.

உலகநாதன் மெல்லத் தலையாட்டினார், பாவப்படுகிற மாதிரி.

ஜெயசித்ரா திரைக்குக் கிட்டே வந்தாள்.

"இல்லக்கா... காலம்பற இப்படி இல்ல. இந்தக் கையெழுத்தே இல்ல. வெறும் கட்டம்தான் இருந்துச்சு. கட்டத்துக்குள்ள என்னமோ இங்கிலீஷ்ல எழுத்தா வந்துச்சு. நான் பொய் சொல்லல."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். அனுசியாவுக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. பொய் சொல்வதென்றால் ஒழுங்காகச் சொல்லக்கூடாதா? பத்து நிமிஷம் என்று சொல்லியிருந்தால்கூடச் சந்தேகத்தின் பலன் கிடைத்திருக்கும்.

இரண்டாவது தடவை. பதினொரு விநாடி.

ஏட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முடிந்துபோன கேஸுக்கு எதற்கு மூன்றாவது தடவை? அவர் கேபினுக்குள் போய், ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதற்காகக் குற்றாலிங்கத்தின் கம்ப்யூட்டரை வயரோடு பிடுங்கிச் சாக்குப் பைக்குள் இறக்கினார். மவுஸையும் கீபோர்டையும் அதன் தலையில் போட்டார்.

அனுசியா படத்தை மூடினாள். மூன்றாவது தடவை சொடுக்கினாள்.

ஐந்து விநாடி... பத்து... பன்னிரண்டு...

நீல வட்டம் சுற்றியது.

இருபது... நாற்பது...

சுற்றிக்கொண்டே இருந்தது!

*

ஒரு நிமிஷம் போனது. மூன்று நிமிஷம் போனது.

மெஷின் சூடாகியிருக்கும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாமே என்றார் உலகநாதன். அனுசியா பெட்டியில் கையை வைத்துப் பார்த்தாள். பச்சைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது. அதைச் சொன்னதும் அவர் மறுபடி சானிடைசரை எடுத்தார்.

ஏழு நிமிஷம். ஏட்டு கீழே போய் டீ வாங்கி வந்தார். ஜெயசித்ரா டீயைத் தொடவில்லை. அவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், காலையில் பார்த்த மாதிரி.

பதினைந்து நிமிஷம். அனுசியாவின் மூளை வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. அதே மெஷின். அதே படம். இரண்டு தடவை பறந்தது, மூன்றாவது தடவை படுத்துவிட்டது. நடுவில் மாறியது என்ன?

அவள் பார்வை சாக்குப் பையில் போய் நின்றது.

இருபது நிமிஷம். இப்போது இன்ஸ்பெக்டரும் நாற்காலியை இழுத்துப்போட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

இருபத்துமூன்றாவது நிமிஷம்... வட்டம் நின்றது. படம் வந்தது!

நாற்பத்தாறு தாளிலும் சீல் இருந்த இடத்தில் வெறும் கட்டம். கட்டத்துக்குள் இங்கிலீஷில் ஒரு வரி.

ஜெயசித்ரா சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். இந்தத் தடவை வேறு அழுகை.

"இது என்னட்டீ எழுத்து?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அனுசியா ஒரு தாளைப் பெரிதாக்கிப் படித்தாள்.

"கம்ப்யூட்டர் பேரு மேடம். குற்றாலிங்கம் கம்ப்யூட்டரோட பேரு. அந்தச் சீலும் கையெழுத்தும் இந்தப் படத்துக்குள்ள இல்ல. அது ஒரு போட்டோ. அவரு மெஷின்ல மட்டும்தான் இருக்கு. படத்தத் தொறக்கயில இந்த மெஷின் நெட்வொர்க் வழியா அங்கன போயி அத எடுத்துட்டு வரணும். அந்த மெஷின் ஓடுச்சுன்னா கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள எடுத்துரும். ஆஃப் ஆயிருந்தா... கதவத் தட்டித் தட்டிப் பாத்து அரை நிமிஷம் கழிச்சுத்தான் விடும். நாப்பத்தாறு தாளு. தாளுக்குத் தாளு தனித்தனியா ஒட்டி வச்சிருக்காவ. தாளுக்கு அரை நிமிஷம்."

முப்பிடாதியம்மாள் மனசுக்குள் கணக்குப் போட்டார். இருபத்துமூன்று நிமிஷம். ஒன்றுகூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்பம் இந்தப் பிள்ள காலையில இங்கனதான் இருந்திருக்கா."

"இங்கன உக்காந்து பாக்காதவளுக்கு வெறும் கட்டம் எப்படி மேடம் தெரியும்? அது மட்டுமில்ல..." அனுசியா மெதுவாகத் திரும்பி உலகநாதனைப் பார்த்தாள். "ஒம்பது பத்துக்குக் குற்றாலிங்கம் கம்ப்யூட்டர் ஆஃப்ல இருந்திருக்கு. ஒம்பது மணிக்கு அவரு உக்காந்து வேல பாத்தாருன்னு சொன்னது யாரு?"

உலகநாதன் சிரித்தார். கரண்ட் போயிருக்கும், அவனே அணைத்துவிட்டுக் கிளம்பியிருப்பான், தான் எதைக் கண்டோம் என்றார். போலீஸ் வந்து பார்த்தபோது அது ஓடிக்கொண்டுதானே இருந்தது என்று எடுத்துக் கொடுத்தார்.

"அத அதுக்கிட்டயே கேட்டுருவோம்," என்றாள் அனுசியா.

*

ஏட்டு முனகிக்கொண்டே சாக்குப் பையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்து மறுபடி மாட்டினார்.

பாஸ்வேர்டு மானிட்டரின் ஓரத்திலேயே ஒரு மஞ்சள் சீட்டில் ஒட்டியிருந்தது. அதன்மேல் சாம்பார்க் கறை. அனுசியா விரல் படாமல் படித்து உள்ளே போனாள்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தான் எப்போது கண்விழித்தது, எப்போது தூங்கியது என்று தனக்குள் எழுதிவைத்துக்கொள்ளும். பெரும்பாலான ஆட்களுக்கு அப்படி ஒரு குறிப்பு இருப்பதே தெரியாது. அவள் அதைத் திறந்து, திரையை இன்ஸ்பெக்டர் பக்கம் திருப்பினாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஏழு ஐம்பது. ஒழுங்காக அணைத்திருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த வரி... வியாழக்கிழமை காலை பதினொன்று இருபத்துநாலு. ஆன் செய்திருக்கிறார்கள்.

நடுவில் ஒன்றுமில்லை. ஒன்பது மணிக்கு ஓடியதாக ஒரு எழுத்துகூட இல்லை.

முப்பிடாதியம்மாள் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு எழுந்து நின்றார்.

"பதினோரு மணிக்குப் பிணம் கெடைச்சாச்சு. பதினொண்ணு இருபத்துநாலுக்கு குற்றாலிங்கம் வந்து கம்ப்யூட்டரப் போட்டுட்டுப் போயிருக்கான். அப்படித்தான அண்ணாச்சி?"

உலகநாதனின் கையிலிருந்த பாட்டில் காலியாகிவிட்டிருந்தது. அவர் அதைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார்.

ஜெயசித்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். செய்தி வந்ததும் பதினொன்று பத்துக்கே அவள் பக்கத்துக் கடைக்காரர்களோடு சைட்டுக்கு ஓடிவிட்டாள். ஆபீஸ் சாவி இன்னொன்று முதலாளியிடம்தான் இருக்கிறது. செங்கோட்டையிலிருந்து அவர் நேராக சைட்டுக்கு வரவில்லை. பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தார்.

ஆக, அவன் ராத்திரியே செத்திருக்கிறான். காலையில் உயிரோடு பார்த்ததாக ஒரு கதை. அந்தக் கதைக்கு ஒத்தாசையாக ஓடுகிற கம்ப்யூட்டர். கேமரா முன்னால் செங்கோட்டையில் ஒரு நாடகம். பழிக்கு ஒரு ஏழைப் பெண். எல்லாம் கச்சிதம்!

ஆனால் எதற்காக?

அனுசியா அந்தச் சீல் போட்டோவை மெஷினில் தேடித் திறந்தாள். பார்த்ததும் சட்டென்று நிமிர்ந்தாள்.

எஞ்சினியர் வாஞ்சிநாதன். அரசாங்கத்தில் பதிவு பெற்றவர். இந்த வட்டாரத்தில் கட்டடம் எதுவானாலும் உறுதிச் சான்றுக்கு அவர் கையெழுத்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஒப்புக்கொள்வார்கள். ரிசார்ட் படத்தில் அவர் போன மாதத் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"மேடம், இவரு செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. பதினாறாம் நாள் போஸ்டருக்கு அவரு கம்ப்யூட்டர்ல இருந்து போட்டோ எடுத்துக் குடுத்ததே நாந்தான்."

இரண்டு வருஷமாக ஒரு செத்த மனிதன் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். வீடு, கடை, மண்டபம், ரிசார்ட்... எத்தனை கட்டடமோ! ஜனங்கள் அதற்குள் சமைக்கிறார்கள், பிள்ளைகளைத் தூங்கவைக்கிறார்கள். நாலு மெஷினில் அந்தச் சீல் கிடந்தால் என்றைக்காவது வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து, ஒரே ஒரு மெஷினில் பூட்டி, அந்த மெஷினைக் கண்ணாடிக் கேபினுக்குள் வைத்திருக்கிறார்கள். ஜெயசித்ரா அதை யாரோ ஒரு எஞ்சினியரின் கையெழுத்து என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அனுசியா உலகநாதனின் கைகளைப் பார்த்தாள். வெளுத்துப்போய், ரேகைகூடத் தேய்ந்துபோன மாதிரி இருந்தன. படிக்கட்டு எச்சிலும் கரப்பான் முட்டையும் இந்தக் கைகளுக்கு முன்னால் எவ்வளவோ சுத்தம். இந்த ஆள்மேல் தனக்கு மதிப்பு வந்ததே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"நேத்து சாயங்காலம் ஏழு அம்பதுக்குப் பொறவு எங்கன இருந்திய?" என்றார் இன்ஸ்பெக்டர். "வீடுன்னு சொல்லாதிய. அதையும் விசாரிப்பேன்."

உலகநாதன் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் கீழே இறங்கிவிட்டது.

"அவன் போர்டுல பேரு கேட்டான் மேடம். பார்ட்னர்னு போடணுமாம். போடலன்னா சீல அழிச்சுட்டு, வாஞ்சிநாதன் மகன்கிட்ட போயிச் சொல்லிருவேன்னான். சைட்டுல வச்சுப் பேசித் தீத்துக்கிடலாம்னு கூட்டிட்டுப் போனேன். பேச்சு முத்திப் போச்சு. கையில கம்பி கெடந்துச்சு..." காலிப் பாட்டிலைக் கீழே வைத்தார். "மூடி தொறந்து கெடந்துச்சு."

"செங்கல்லும் சிமெண்டுமா கெடக்குற இடத்துல ஒரு மனுசனப் போட உங்களுக்கு வேற இடமே கெடைக்கலியா?"

"மேல அழுக்குப் படாம வேல முடியணும்னு பாத்தேன்."

அனுசியா ஜன்னலருகே போய் நின்றுகொண்டாள். ஏட்டு கம்ப்யூட்டரைச் சாக்குப் பைக்குள் இறக்கினார். அப்புறம் உலகநாதனின் சட்டைக் காலரைப் பிடித்து எழுப்பினார். அவ்வளவு நேரமும் மடிப்புக் கலையாத சட்டை அது.

*

ஜெயசித்ரா படியிறங்கும்போது திரும்பி வந்து அனுசியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பியின் வேலை தப்பித்தது என்பதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

"சரி, சரி. போயி முகத்தக் கழுவு. வேற நல்ல ஆபீஸாப் பாரு," என்றாள் அனுசியா. "இனிமே படம் வரைஞ்சா புதுசா ஆரம்பி. எவன் குப்பை மேலயும் வரையாத."

சாலையில் சாரல் ஓய்ந்து, பொதிகைப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வந்தது. இன்ஸ்பெக்டர் முப்பிடாதியம்மாள் ஜீப்பருகே நின்று கொண்டையை அவிழ்த்து உதறினார். நல்ல மனநிலையில் இருந்தார். கொலையைக் கண்டுபிடித்த அன்றே குற்றவாளியும் கையில்!

"நல்ல வேல பாத்த. வா, ஜீப்புல ஏறு. அந்த ரிசார்ட்டுக்குக் கீழ ஒரு ஓடை இருக்கு. கூட்டமே இருக்காது. நான் காலையிலயும் அங்கனதான் குளிச்சேன், மத்தியானம் பிணத்தப் பாத்துட்டு வந்த அருவருப்புல மறுபடியும் ஒரு குளியல் போட்டேன். தண்ணி அமிர்தம் மாதிரி. ரெண்டு வாய் குடிச்சும் பாத்தேன்."

அனுசியா இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"மேடம், அந்தப் படத்துல முப்பத்தொண்ணாவது தாளு பாத்தியளா?"

"இல்லியே. அதுல என்ன?"

"செப்டிக் டாங்க்ல இருந்து பைப்பு எங்கன போயி விழுதுன்னு வரைஞ்சிருக்காவ," என்றாள் அனுசியா, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே. "நீங்க மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க மேடம்... குளியல அப்பறமா வீட்டுல வச்சுக்கிடலாம்."